குளிர் மலையில் தேன் பெட்டி: முதலில் தேனீ, பிறகுதான் தேன்

(நீலகிரி மலைக் கிராமக் குழுக்களின் பிரதிநிதிகள் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்கு என்னைப் பேசச் சொன்ன விஷயம் தேனீ வளர்ப்பு. தேன் பெட்டிக்குக் கடன் வேண்டும் என்று பல குழுக்களிலிருந்து மனு வந்திருக்கு. ரொம்ப சந்தோஷம். ஆடு மாடு மாதிரி தினமும் தீவனம் வெட்ட வேண்டாம், தனியாக நிலம் வேண்டாம், தோட்டத்து வேலைக்குப் போய்வந்த பிறகும் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் கூடவே இன்னொரு விஷயத்தையும் நாம பார்த்துக்கிட்டு இருக்கோம். பெட்டி வாங்கி முதல் மழைக்காலம் தாண்டுவதற்குள் பெட்டி காலி. தேனீ போயிடுச்சு, கடன் மட்டும் நிற்குது. "எங்களுக்கு ராசி இல்லை மேடம்" என்று சொல்றாங்க. இது ராசி சம்பந்தப்பட்ட விஷயம் இல்லீங்க. கீழ்நாட்டுக்கு எழுதின பாடத்தை வைத்துக்கொண்டு மேலே குளிரில் பெட்டி வைத்தால் வருகிற பிரச்சினை. அதனால் இன்றைக்கு நம் குளிருக்கும் நம் மழைக்கும் ஏற்ற மாதிரி பேசலாம்.

எந்தத் தேனீ?

நம் ஊரில் நாலைந்து வகைத் தேனீ இருக்கு. பாறையிலும் உயரமான மரத்திலும் ஒரே பெரிய அடையாகக் கட்டுவது மலைத் தேனீ. குறும்பர் மக்கள் கயிறு ஏணி கட்டி, பாறையில் இறங்கித் தேன் எடுக்கிறார்களே, அதுதான். அதைப் பெட்டியில் வளர்க்க முடியாது. புதரில் சின்னதாக ஒரே அடை கட்டும் கொம்புத் தேனீயும் பெட்டிக்கு வராது. சுவர் ஓட்டையில் இருக்கிற கொட்டாத கொசுத் தேனீயை வளர்க்கலாம், ஆனால் தேன் ரொம்பக் கொஞ்சம்.

பெட்டிக்கு ஏற்றவை இரண்டு. ஒன்று, மரப்பொந்திலும் கல் இடுக்கிலும் அடுக்கு அடுக்காக அடை கட்டுகிற நம் நாட்டு அடுக்குத் தேனீ. பொந்துத் தேனீ என்றும் சொல்வோம். இன்னொன்று வெளிநாட்டிலிருந்து வந்த இத்தாலியத் தேனீ. இத்தாலியத் தேனீ அதிகத் தேன் தரும் என்பது உண்மைதான். ஆனால் அதற்குத் தொடர்ந்து பூ வேண்டும். பெரிய அளவில் வளர்க்கிறவர்கள் பூ எங்கே இருக்கோ அங்கே லாரியில் பெட்டியை ஏற்றிக்கொண்டு போவார்கள். இரண்டு பெட்டி வைத்திருக்கிற நாம லாரிக்கு எங்கே போறது? அடுக்குத் தேனீ இந்த மண்ணில் பிறந்தது. இத்தாலியத் தேனீ வெளியே வராத குளிர்ந்த காலையிலும் இது வெளியே வந்து பூவைத் தேடும். தேனீயின் உடம்பில் ஒட்டி உறிஞ்சுகிற உண்ணிச் சிலந்தியையும் இதுவே சமாளித்துக்கொள்ளும்.

2017-ல் கதர் கிராமத் தொழில் ஆணையம் தேன் இயக்கத்தைத் தொடங்கியது. 2020-ல் மத்திய அரசின் தேசிய தேனீ வளர்ப்பு மற்றும் தேன் இயக்கம் வந்தது. மானியத்தில் பெட்டி தருகிறோம் என்று யார் சொன்னாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இது எந்தத் தேனீ?" என்பதுதான். இரண்டு தேனீக்கும் பெட்டி அளவு வேறு, சட்டத்தின் அளவு வேறு. ஒன்றின் சட்டம் இன்னொன்றில் பொருந்தாது. நம் அடுக்குத் தேனீக்கு நியூட்டன் பெட்டி என்கிற சின்னப் பெட்டி. சுமார் நூறு வருஷத்துக்கு முன்னால் நியூட்டன் என்ற பாதிரியார் தென்னிந்தியாவில் இருந்துகொண்டு, நம் தேனீயின் உடம்பு அளவைப் பார்த்து உருவாக்கிய பெட்டி அது. கீழே புழு வளரும் அறை, அதில் 7 சட்டம். மேலே தேன் அறை. இந்த இரண்டு அறைக்கும் உள்ள வித்தியாசத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் முக்கியமான ஒரு விஷயத்துக்கு இது தேவைப்படும்.

குளிரில் தேனீ என்ன செய்கிறது?

எறும்பு போல மண்ணுக்குள் போய் ஒடுங்குவதோ, பாம்பு போலச் சுருண்டு தூங்குவதோ தேனீக்குக் கிடையாது. குளிர் வந்தால் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து உருண்டையாக அடையைப் பிடித்துக்கொள்ளும். றெக்கையை அடிக்காமல், றெக்கைக்கு அடியில் இருக்கிற தசையை மட்டும் நடுங்க வைத்துச் சூடு உண்டாக்கும். நாம குளிரில் பல்லு நடுங்குகிற மாதிரிதான். வெளியே இருக்கிற தேனீ உள்ளே போகும், உள்ளே இருப்பது வெளியே வரும், மாறி மாறிக் காய்ந்துகொள்ளும். புழு இருக்கிற இடத்தை எப்போதும் சுமார் 35 டிகிரி சூட்டில் வைத்திருக்கும். வெளியே தலைகுந்தாவில் புல் மேல் உறைபனி வெள்ளையாகக் கிடந்தாலும் உள்ளே அதே 35 டிகிரிதான்.

இந்தச் சூட்டுக்கு விறகு எது? தேன்தான். ஒரு துளி தேன் எரிந்தால்தான் ஒரு துளி சூடு. ஐரோப்பாவிலும் கனடாவிலும் மாதக்கணக்கில் பனி மூடிக்கிடக்கும். அங்கே தேனீ வளர்ப்பவர்கள் குளிர்காலம் தாண்ட ஒரு பெட்டிக்கு 20, 30 கிலோ தேனை, சில இடங்களில் அதற்கு மேலும், எடுக்காமலே விட்டுவைக்கிறார்கள். அப்படி விட்டால் வெளியே எவ்வளவு பனி கொட்டினாலும் தேனீ பிழைத்துக்கொள்கிறது. இதிலிருந்து என்ன தெரிகிறது? வெறும் குளிர் மட்டும் தேனீயைக் கொல்வது இல்லை. பசியும் ஈரமும்தான் கொல்கிறது. வயிறு காலியாக இருந்தால் சூடு போட முடியாது. மேலே ஈரம் சொட்டினால் போட்ட சூடு நிற்காது. நம் பெட்டிகளைக் காப்பாற்றுவதற்கான வழி முழுக்க இந்த இரண்டில் அடங்கிவிடும்.

இன்னொரு வித்தியாசமும் இருக்கு. குளிர் நாட்டுத் தேனீ பெட்டிக்குள்ளேயே இருந்து சமாளிக்கும். நம் அடுக்குத் தேனீக்குச் சாப்பாடு தீர்ந்தால், அல்லது அடிக்கடி தொந்தரவு செய்தால், ராணியோடு சேர்ந்து கூட்டமாக வேறு இடம் தேடிப் பறந்துவிடும். "ஓடிப்போச்சு" என்று நாம சொல்வது இதைத்தான். மருமகள் கோபித்துக்கொண்டு போன மாதிரி இல்லை. இங்கே இருந்தால் பிள்ளைகள் பட்டினி என்று தெரிந்து போகிறது.

நம்ம ஊர்க் காலண்டர்

மாசி, பங்குனி, சித்திரையில் நமக்குப் பூ உண்டு. சில்வர் ஓக், நாவல், சோலை மரங்கள், காபித் தோட்டம், பேரி, பிளம்ஸ், கடுகு என்று ஊருக்கு ஊர் மாறும். அப்போதுதான் தேன் வரும் காலம். பிறகு மழை. இங்கேதான் கவனிக்கணும். கூடலூர், பந்தலூர் பக்கத்துக்கு ஆனி, ஆடியில் தென்மேற்கு மழை கொட்டும். குன்னூர், கோத்தகிரி பக்கத்துக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிது. ஊட்டியைச் சுற்றி மார்கழி, தையில் உறைபனி. அதனால் ஒரே மாவட்டமாக இருந்தாலும் ஒருத்தருக்குப் பஞ்சகாலம் ஆடியில், இன்னொருத்தருக்குக் கார்த்திகையில். பக்கத்து ஒன்றியத்துக்காரர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

ஒரு வேலை சொல்கிறேன். குழுவுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போடுங்கள். வாராந்திரக் கூட்டத்தில் சேமிப்பு எழுதி முடித்ததும் இரண்டு நிமிஷம் கேளுங்கள்: இந்த வாரம் நம் ஊரில் என்ன பூத்திருக்கு? தேனீ எந்தப் பூவில் உட்கார்ந்தது? எத்தனை நாள் மழை, எத்தனை நாள் பனி? ஒரு வருஷம் எழுதினால் உங்கள் ஊருக்கு என்றே ஒரு காலண்டர் கையில் இருக்கும். நம் ஊர்ப் பாட்டிமார்களுக்கு இதில் பாதி ஏற்கனவே தெரியும். அவர்களைக் கேட்டு எழுதுங்கள். குறிஞ்சி 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது, அடுத்தது 2030-ல் எதிர்பார்க்கிறோம். அந்த வருஷம் வரும்போது நம் பெட்டிகள் உயிரோடு இருக்க வேண்டாமா?

பெட்டி வைக்கும் இடம்

பனி தண்ணீர் மாதிரி. பள்ளத்தில்தான் போய்த் தேங்கும். காலையில் எந்த இடத்தில் புல் வெள்ளையாகக் கிடக்கிறதோ அந்த இடத்தில் பெட்டி வைக்காதீர்கள். கொஞ்சம் மேட்டில், சரிவில் வையுங்கள். வாசல் கிழக்கு அல்லது தென்கிழக்கைப் பார்க்கட்டும். காலை வெயில் முதலில் வாசலில் விழுந்தால் தேனீ சீக்கிரம் வேலைக்குக் கிளம்பும். முதுகுப் பக்கம் காற்றைத் தடுக்க ஒரு வேலியோ, சுவரோ, செடி வரிசையோ இருக்கணும். தேயிலைத் தோட்டத்தில் காற்று மோதுகிற முனையில் வைத்தால் எவ்வளவு நல்ல பெட்டியும் நிற்காது.

தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் தாங்கி வேண்டும். தாங்கியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. பெட்டியை வாசல் பக்கம் ஒரு விரல் கனம் தாழ்வாகச் சாய்த்து வையுங்கள், மழைத்தண்ணீர் உள்ளே நிற்காமல் வெளியே ஓடும். கூரை மேல் தகரமோ ஓடோ போட்டு, காற்றில் பறக்காமல் கல் வையுங்கள். மழைக்கும் குளிருக்கும் வாசலைச் சின்னதாக்கிவிடணும், இரண்டு மூன்று தேனீ ஒரே நேரத்தில் போய்வரும் அளவு போதும்.

குளிருது என்று பெட்டியைச் சுற்றி பிளாஸ்டிக் தாள் கட்டுகிறார்கள். அது கூடாது. தேனீ விடுகிற மூச்சின் ஈரம் உள்ளேயே நின்று, மூடியில் முத்து முத்தாகக் கட்டி, தேனீ மேலேயே சொட்டும். அதற்குப் பதில் மூடிக்குக் கீழே காய்ந்த சாக்கை மடித்துப் போடுங்கள். ஈரத்தை இழுத்துக்கொள்ளும், சூட்டையும் பிடிக்கும். நனைந்துவிட்டால் மாற்றிவிடுங்கள்.

தேனீ குறைந்திருக்கும்போது ஏழு சட்டமும் வேண்டாம். தேனீ மூடியிருக்கிற சட்டங்களை மட்டும் விட்டு, காலியான கருத்த பழைய அடையை எடுத்துவிடுங்கள். பெரிய வீட்டில் இரண்டு பேர் இருந்தால் குளிர் அதிகம் தெரியும் இல்லையா, அது போலத்தான். தேனீ மூடாத அடையில்தான் மெழுகுப் புழு வந்து வலை பின்னும். புழு வந்த பெட்டியில் தேனீ தங்காது.

திறந்து பார்ப்பது எப்போது?

வாங்கின புதிதில் ஆசையில் தினமும் திறந்து பார்க்கத் தோன்றும். பச்சைக் குழந்தையின் போர்வையை மணிக்கொருதரம் விலக்கிப் பார்ப்போமா? குளிர் நாளில் பெட்டியைத் திறந்தால் 35 டிகிரி சூடு ஒரே நிமிஷத்தில் போய்விடும். அதை மறுபடி உண்டாக்க எவ்வளவு தேன் எரிய வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். பனிக்காலத்தில் நல்ல வெயில் அடிக்கும் மதிய நேரத்தில், காற்று இல்லாதபோது மட்டும் திறங்கள். மேகம் மூடியிருந்தால் வேண்டாம்.

திறக்காமலே தெரிந்துகொள்ள மூன்று வழி இருக்கு. முதலாவது, வாசலைப் பாருங்கள். காலில் மஞ்சளாக மகரந்த உருண்டை கட்டிக்கொண்டு வந்தால் உள்ளே புழு இருக்கு, ராணி முட்டை வைக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். இரண்டாவது, பெட்டியின் பின்பக்கத்தை ஒரு கையால் லேசாகத் தூக்கிப் பாருங்கள். வாரம் ஒருதரம் தூக்கினால் கனம் குறைவது கைக்கே தெரியும். மூன்றாவது, காதை வைத்துக் கேளுங்கள். சீரான மெல்லிய ரீங்காரம் கேட்டால் நல்லது.

பசிக்குச் சர்க்கரைத் தண்ணீர்

பெட்டி கனம் குறைந்து, வெளியே பூவும் இல்லை என்றால் நாம்தான் ஊட்ட வேண்டும். ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரைக்கு ஒரு பங்கு தண்ணீர். தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, அதில் சர்க்கரையைக் கரைத்து, நன்றாக ஆறவிடுங்கள். கடுங்குளிரில் தண்ணீரைப் பாதியாகக் குறைத்துக் கெட்டியாகக் கொடுங்கள். தண்ணியாக இருந்தால் அதை வற்றவைக்கவே தேனீக்குப் பாதிச் சக்தி போய்விடும். வெல்லம், நாட்டுச் சர்க்கரை வேண்டாம். நமக்கு நல்லது, தேனீக்கு வயிற்றுப்போக்கு வரும். கடையில் வாங்கிய தேனையும் கொடுக்காதீர்கள், அதில் நோய் இருக்கலாம்.

சாயங்காலம் தேனீ வேலை முடித்து அடங்கிய பிறகு, பெட்டிக்கு உள்ளே கிண்ணத்தில் வையுங்கள். மேலே நாலு குச்சி மிதக்க விடுங்கள், இல்லாவிட்டால் விழுந்து செத்துப்போகும். வெளியே ஒரு சொட்டும் சிந்தக் கூடாது. சிந்தினால் பக்கத்துப் பெட்டித் தேனீயும் எறும்பும் கொள்ளையடிக்க வரும். இரண்டு பெட்டி இருந்தால் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் கொடுங்கள்.

கணக்கும் பார்த்துவிடலாம். வாரத்துக்கு 200 கிராம் சர்க்கரை, 12 வாரம் என்றால் 2 கிலோ 400 கிராம். மூன்று மாதத்துக்கு ஒரு குடும்பத் தேனீயைக் காப்பாற்ற இரண்டரை கிலோ சர்க்கரை. போனால் புதுத் தேனீக் கூட்டம் வாங்க எவ்வளவு ஆகும் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் பூ தொடங்கி, மேலே தேன் அறையை வைக்கும் முன்பே சர்க்கரைத் தண்ணீரை நிறுத்திவிடணும். இல்லாவிட்டால் நாம எடுக்கிறது தேன் இல்லை, சர்க்கரைப் பாகு. அதைத் தேன் என்று விற்றால் அது கலப்படம்தான்.

தேன் எடுப்பதும் தவணை கட்டுவதும்

இப்போது அந்த இரண்டு அறை விஷயத்துக்கு வருவோம். மேல் அறையில் இருக்கும் தேனில் நமக்குப் பங்கு உண்டு. கீழ் அறையில் புழுவுக்கு மேலே வளைவாக வைத்திருக்கும் தேன் தேனீயின் பிள்ளைச் சோறு. அதில் கை வைக்கக் கூடாது. மழை தொடங்குவதற்கு முந்தின கடைசிச் சுற்றில் மேல் அறைத் தேனையும் முழுக்க வழித்து எடுக்காமல் கொஞ்சம் விட்டுவையுங்கள்.

இது எல்லோருக்கும் தெரியும். பயிற்சியில் கேட்டால் சரியாகச் சொல்வார்கள். அப்படியும் கீழ் அறைத் தேனை ஏன் எடுக்கிறார்கள்? நான் வீடு வீடாகப் போய்க் கேட்டதில் வந்த பதில் ஒன்றுதான்: "தவணை வந்திடுச்சு மேடம்."

யோசித்துப் பாருங்கள். தேன் பெட்டிக் கடனை 10 மாதத் தவணையில், அடுத்த மாதமே கட்டத் தொடங்கணும் என்று கொடுக்கிறோம். பெட்டியோ வருஷத்தில் மூன்று மாதம்தான் சம்பாதிக்கும். ஆனியில் மழை, தோட்டத்தில் வேலை குறைவு, கூலி குறைவு, பள்ளிக்கூடம் திறந்த செலவு. அந்த மாதமும் குழுக் கூட்டத்தில் எல்லோரும் பார்த்துக்கொண்டு இருக்க, "தவணை எங்கே?" என்று கேட்கிறோம். அந்த அக்கா என்ன செய்வாங்க? கீழ் அறையைத் திறந்து ஒரு கிலோ தேனை எடுத்து விற்று, கூட்டத்தில் மானத்தோடு தவணை கட்டிவிடுவாங்க. ரெஜிஸ்டரில் "100 சதவீத வசூல்" என்று நாம பெருமையாக எழுதிக்கொள்வோம். இரண்டு வாரத்தில் பெட்டி காலி. அடுத்த தவணைக்கு வழி இல்லை. தேனீயை ஓட்டியது அந்த அக்கா இல்லை, நாம போட்ட தவணைக் கணக்குதான்.

அதனால் இந்தக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் எடுக்கணும் என்று கேட்டுக்கொள்கிறேன். தேன் பெட்டிக் கடனுக்கு மட்டும் பூக்காலத்தை வைத்துத் தவணை போடுவோம். மழை, பனி மாதங்களில் வட்டியும் சந்தாவும் மட்டும். அசலைப் பங்குனியிலிருந்து வைகாசிக்குள் பிரித்துக் கட்டட்டும். முதல் வருஷம் கூட்டம் பெருகவேண்டிய வருஷம், அந்த வருஷம் அசலைக் கேட்க வேண்டாம். சர்க்கரைக்கு என்று ஒரு சின்னத் தொகையைக் கடனிலேயே சேர்த்துக் கொடுப்போம். வங்கிக் கடனில் மாற்ற முடியாதது இருக்கலாம், நம் உள்கடனில் மாற்றுவது நம் கையில்தான் இருக்கு. உங்கள் குழுவுக்குப் போய்ப் பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டுக்கொண்டு வாருங்கள். "அவளுக்கு மட்டும் சலுகையா?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கறவை மாட்டுக் கடனுக்குப் பால் மாதத்தைப் பார்த்துத்தானே தவணை போடுகிறோம், அதே நியாயம்தான் என்று சொல்லுங்கள்.

எடுத்த தேன்

அடையில் முக்கால் பங்காவது மெழுகு மூடி போட்ட பிறகு எடுங்கள். மூடாத தேனில் ஈரம் அதிகம். நம் மலையில் காற்றிலேயே ஈரம் உண்டு. தேனில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் போனால் புளித்துவிடும், தரமும் தேறாது. மழை நாளில் தேன் எடுக்க வேண்டாம். அடையைப் பிழியாமல் இயந்திரத்தில் சுற்றி எடுத்தால் அடையைத் திருப்பி வைக்கலாம். இயந்திரம் ஆளுக்கொன்று வேண்டாம், கூட்டமைப்புக்கு ஒன்று வாங்கி முறை வைத்துக்கொள்வோம்.

குளிரில் தேன் உறையும். வாங்கினவர்கள் "சர்க்கரை கலந்திருக்கீங்க" என்று சண்டைக்கு வருவார்கள். பொறுமையாகச் சொல்லுங்கள், உறைவது பல தேனின் இயல்பு. அதை மட்டும் வைத்து நல்லது கெட்டது சொல்ல முடியாது. பாட்டிலைக் கை பொறுக்கும் சூட்டு வெந்நீரில் வைத்தால் இளகிவிடும். அடுப்பில் நேராக வைக்காதீர்கள். ஒரு வயசுக்குக் குறைந்த குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது என்பதையும் விற்கும்போதே சொல்லுங்கள். நாக்கில் தடவும் பழக்கம் நம்மிடம் இருக்கு, பச்சைக் குழந்தைக்கு அது ஆபத்தாக முடியலாம். லேபிள் ஒட்டி விற்க உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் வேண்டும், குழுவாகச் சேர்ந்து வாங்கினால் செலவு குறையும்.

வருமானத்தையும் உள்ளபடி சொல்கிறேன். அடுக்குத் தேனீ பொதுவாக வருஷத்துக்கு ஒரு பெட்டிக்கு 3 முதல் 5 கிலோ தேன் தரும். நல்ல இடம், நல்ல வருஷம் என்றால் கூடும். இரண்டு பெட்டிக்கு நாலு கிலோ வீதம் 8 கிலோ. மாதச் சம்பளம் மாதிரி வரும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். இது கூடுதல் வருமானம். தோட்டத்தில் காபி, பழமரம், கடுகு இருந்தால் அதிலும் காய்ப்பு கூடும், அது தனி லாபம்.

பயமும் பெயரும்

கொட்டுமே என்ற பயம் நியாயமானது. முகவலை போடுங்கள், வாசனைத் தைலம் பூசிக்கொண்டு போகாதீர்கள், கொஞ்சம் புகை காட்டுங்கள், கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். கொட்டினால் கொடுக்கை நகத்தால் உடனே சுரண்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தைக் கழுவுங்கள். அந்த வாசனைக்கு மற்ற தேனீயும் வரும், அதனால் சற்று விலகி நில்லுங்கள். யாருக்காவது மூச்சு இழுத்தால், முகம் வீங்கினால், மயக்கம் வந்தால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே 108-க்குப் போன் பண்ணுங்கள். அப்படி வந்தவர்கள் இந்தத் தொழிலுக்கு வர வேண்டாம்.

பக்கத்துத் தோட்டத்தில் மருந்து அடித்தால் தேனீ சாகும். சண்டை போட்டுப் பயன் இல்லை. முன்கூட்டியே போய், "பூ இருக்கும்போது அடிக்காதீங்க, அடிக்கணும்னா சாயங்காலம் அடிங்க, முந்தின நாளே சொல்லுங்க" என்று கேளுங்கள். தேன் எடுக்கும்போது ஒரு சின்ன பாட்டில் அவர்களுக்கும் போகட்டும்.

கடைசியாக ஒன்று. பயிற்சிக்கு வருவது நீங்கள், கடன் உங்கள் பெயரில், தவணை உங்கள் கையில். ஆனால் பெட்டியைத் திறப்பதும் தேனை விற்பதும் பல வீட்டில் வேறு ஒருவர். வீட்டுக்காரர் உதவி செய்யட்டும், நல்லதுதான். ஆனால் எப்போது எடுக்கணும், எவ்வளவு விடணும் என்று முடிவு செய்வது பெட்டியை நன்றாகத் தெரிந்தவராக இருக்கணும். தினமும் வாசலைப் பார்ப்பதும், கனம் தூக்கிப் பார்ப்பதும் நீங்கள் என்றால் அந்த முடிவும் உங்களுடையதுதான். முகவலையை நீங்களே போட்டுத் திறந்து பழகுங்கள். முதல் தடவை கை நடுங்கும், மூன்றாவது தடவை நடுங்காது.

1991, 92-ல் புழு அழுகும் வைரஸ் நோய் வந்து தென்னிந்தியாவில் அடுக்குத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதி அழிந்தது. பெட்டி வைத்திருந்தவர்களில் பலர் தொழிலை விட்டுவிட்டார்கள். ஆனால் தப்பிப் பிழைத்த கொஞ்சக் கூட்டத்திலிருந்து தேனீ மறுபடி பெருகி வந்தது. அதன் வழி வந்ததுதான் இன்றைக்கு உங்கள் சுவர் இடுக்கில் இருப்பது. அவ்வளவு கஷ்டத்தைத் தாண்டின ஜீவனுக்கு நம் ஊர் மழையையும் பனியையும் தாண்டத் தெரியும். அதன் சாப்பாட்டை நாம எடுக்காமல் இருந்தால் போதும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பத்துப் பெட்டி கேட்காதீர்கள், ஒன்றும் வேண்டாம். இரண்டு பெட்டியோடு மாசியில் தொடங்குங்கள். ஒன்றைப் பார்த்து இன்னொன்றின் குறை தெரியும். இந்த வருஷ மழையைத் தாண்டினவர்கள் அடுத்த வருஷம் பக்கத்து ஊருக்குச் சொல்லிக்கொடுங்கள். தவணைத் தீர்மானத்தை அடுத்த மாதக் கூட்டத்துக்குள் எழுதிக்கொண்டு வாருங்கள்.